ஏழாவது மரத்துப் பெட்டி

ஜாம்பியாக் காட்டின் வடக்கு வாசலில் ரேஞ்சர் டீசா பதிவேட்டைத் திறந்தாள். துப்பாக்கியோடு முன்னால் நடக்கப்போகிறவள் அவள்தான். மாறன், சுற்றுலாப் பயணி. கோதை, சுற்றுலாப் பயணி. மூன்றாவதாக நின்றவரிடம் எதுவும் கேட்காமலே எழுதினாள்.

"சிலேஷே. தேநீர் சுமப்பவர்."

இருபது வருடம் இந்தக் காட்டில் வழிகாட்டியாக இருந்தவர் குனிந்து கெட்டிலையும் கூடையையும் எடுத்துக்கொண்டார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். மாறன் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து மாதமாக அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கக் கை துடித்தது. இப்போது அவரோடு மூன்று நாள் நடக்க வேண்டும்.

"இந்த ஆளு போட்ட டீயை நான் குடிக்க மாட்டேன் மாமா," என்றாள் கோதை. மாறனின் இறந்துபோன மனைவி லோசனியின் தங்கை. மதுரையில் வக்கீல். "ஆதாரம் கையில கெடைக்கட்டும். அப்புறம் இருக்கு இவருக்கு."

"நட," என்றான் மாறன்.

மாறனும் லோசனியும் ஆறு வருடம் ஆப்பிரிக்கக் காடுகளில் விலங்குகளைப் படம் எடுத்துத் திரிந்தவர்கள். கென்யா, போட்ஸ்வானா, கடைசியாக ஜாம்பியா. ஒரு பழைய ஜீப், ஒரு கூடாரம், இரண்டு கேமரா, ஒரு குக்கர். அதுதான் குடும்பம். நல்ல லென்ஸ் யாருக்கு என்று தினமும் சண்டை. ரசத்தில் சிங்கத்தின் வாடை அடிக்கிறது என்று ஒரு தடவை இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். படங்களின் கீழே இருவர் பெயரையும் சேர்த்தே போடுவார்கள். எதை யார் எடுத்தது என்று அவர்களுக்கே மறந்துபோகும்.

ஒரு விதியில் மட்டும் சண்டை இல்லை. ஒருவர் கேமராவில் கண் வைத்தால் மற்றவர் முதுகோடு முதுகாக நின்று பின்னால் பார்க்க வேண்டும். கேமராவில் இருக்கும் கண்ணுக்குத் தூரத்துச் சிங்கம் தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது.

ஜூன் ஒன்பதாம் தேதி காலை, காய்ந்த ஆற்றுப் படுகையில் காட்டுநாய்க் குட்டிகள் முதல் தடவையாக வளையை விட்டு வெளியே வந்தன. லோசனி மண்டியிட்டுப் படம் எடுத்தாள். புதரிலிருந்து ஒற்றைக் காட்டெருமை வந்தது. அவ்வளவுதான்.

அவர்கள் தங்கியிருந்த கேம்ப் நிர்வாகம் ஓர் அறிக்கை எழுதியது. சம்பவத்தின்போது வழிகாட்டி சிலேஷே அருகில் இல்லை, மரத்தடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனை வராந்தாவில் மாறன் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். பிறகு படித்தான். நம்பினான். சிலேஷேயின் லைசென்ஸ் பறிபோனது.

அக்டோபரில் சிலேஷேயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'நாய்வளையைப் பார்த்து மேடம் ஒரு தானியங்கிக் கேமரா கட்டியிருந்தார். எந்த மரம் என்று எனக்குத் தெரியாது. மழை வந்தால் ஆறு அதைக் கொண்டுபோய்விடும். நான் எங்கே நின்றேன் என்று அதில் இருக்கும்.'

மாறன் அன்றுதான் லோசனியின் நோட்டைத் திறந்தான். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த வரைபடம். பெயர்கள் எல்லாம் மதுரை. நீர்யானைகள் கிடக்கும் குளத்துக்குத் தெப்பக்குளம். தண்ணீரே இல்லாத மணல் ஆற்றுக்கு வைகை. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'அழகர் இறங்குற எடத்துலேர்ந்து வடக்கே ஏழாவது மரம். முழங்கால் உயரம். மாறனிடம் சொல்லக் கூடாது. கேமராவைக் காட்டில் விடுவதா என்று குதிப்பான்.'

அந்தக் கடைசி வரிக்காக இறந்தவள்மீதும் அவனுக்குக் கோபம் வந்தது.

முதல் நாள் வெயிலும் ட்செட்சி ஈக்களும் அவர்களைத் தின்றன. துணிக்கு மேலேயே கடிக்கும் ஈ. இரண்டாம் நாள் மதியம் அத்திமரத் தோப்பில் யானைக் கூட்டம் ஒன்று குறுக்கே போனது. டீசா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். கோதை போனை எடுத்து வீடியோ பிடித்தபடி ஓர் எட்டு முன்னால் வைத்தாள். இன்னோர் எட்டு.

"போதும்."

பின்னாலிருந்து வந்த குரல். தமிழ். கோதை அப்படியே நின்றாள். இடது பக்கப் புதரில், பத்தடிக்குள், குட்டியோடு நின்ற தாய் யானை காதை விரித்தது. நால்வரும் மெல்லப் பின்வாங்கினார்கள். யானை தும்பிக்கையால் புழுதியை வாரி வீசிவிட்டுப் போனது.

"இந்த ஆளுக்குத் தமிழ் தெரியுமா?" கோதை அதட்டினாள். "மாமா, உங்களைத்தான்."

"ஒரு சொல் தெரியும். உங்க அக்கா சொல்லிக்கொடுத்தா. நான் படம் எடுக்கிறப்ப இங்கிலீஷ் என் காதுல ஏறாதாம். கெளம்பணும்னா தமிழ்ல கத்துங்கன்னு சொன்னா."

டீசா துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி ஆங்கிலத்தில் கேட்டாள். "மரத்தடியில் தூங்குகிற ஆள்தானே இவர்? இவ்வளவு சீக்கிரம் எப்படி விழித்தார்?"

சிலேஷே கெட்டிலில் ஒட்டிய புழுதியைத் துடைத்தார்.

"அன்றைக்கு உங்களோடு வரவேண்டிய ரேஞ்சரைக் கேம்ப் வேறு கூட்டத்தோடு அனுப்பிவிட்டது," என்றாள் டீசா மாறனிடம். "துப்பாக்கி இல்லாமல் உங்களை நடக்கவிட்டது கேம்ப். அதை மறைக்க ஓர் ஆள் வேண்டும். வழிகாட்டி மலிவான ஆள்."

"அவர் எங்கே நின்றார் என்பதுதான் கேள்வி," என்றான் மாறன்.

"உங்களுக்குப் பின்னால்," என்றார் சிலேஷே.

மூன்றாம் நாள் காலை ஆற்றை அடைந்தார்கள். நாய்கள் இல்லை. வளை சரிந்து கிடந்தது. இரு கரையிலும் நூற்றுக்கணக்கான மரங்கள், மண் அரித்து வேர்கள் வெளியே தொங்கின. மேற்கே மலைகளின்மேல் வானம் கருத்திருந்தது. அங்கே மழை.

மாறன் ஜீப் இறங்கும் சரிவிலிருந்து எண்ணினான். ஏழாவது மரத்தில் ஒன்றுமில்லை. எட்டு, ஒன்பது, பத்து. எதிர்க்கரையிலும் எண்ணினான். ஒரு மணி நேரம் போனது. நோட்டை மணலில் வீசினான்.

"எங்கதான் கட்டித் தொலைச்சா."

கோதை நோட்டை எடுத்துப் படித்தாள். "எங்கேர்ந்து எண்ணுனீங்க?"

"ஜீப் எறங்குற எடத்துலேர்ந்து. வேற எங்க எறங்க முடியும்?"

"அழகர் எப்ப மாமா ஜீப்புல எறங்குனாரு?" கோதை டீசாவிடம் திரும்பினாள். "இந்த ஆற்றில் பெரிய கூட்டமாக, ஆடி அசைந்து, வருடா வருடம் ஒரே இடத்தில் இறங்குவது யார்?"

டீசாவுக்கு முன்னால் சிலேஷே கையை நீட்டினார். வளைவுக்கு அப்பால், யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த பாதை ஒன்று கரையைப் பிளந்து மணலில் இறங்கியது.

ஓடினார்கள். வடக்கே ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது மரம் செங்குத்தான கரையின் அடியில் ஆற்றில் காலை நீட்டி நின்றது. முழங்கால் உயரத்தில், சேறு பூசி, வேரோடு வேராக ஒரு பெட்டி.

மாறன் மூடியைத் திறந்தான். மெமரி கார்டு உள்ளே இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினான். வந்த வேலை முடிந்தது. ஆனால் பெட்டியின் பக்கத்தில் லோசனி வெள்ளைப் பெயிண்டால் 'லோ மா 4' என்று எழுதியிருந்தாள். அதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. கத்தியை எடுத்துப் பெட்டியைக் கட்டியிருந்த வாரை அறுக்கத் தொடங்கினான்.

மற்ற மூவரும் கரைமேல் ஏறியிருந்தார்கள். எதிர்க்கரையில் பபூன் குரங்குகள் கத்திக்கொண்டு மரமேறின. சிலேஷே மேற்கே தலையைத் திருப்பினார். தூரத்தில் லாரி வருவதுபோல ஒரு சத்தம்.

"போதும்," என்று கத்தினார்.

வார் பாதி அறுந்திருந்தது. மாறனின் இடது கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் நிமிர்ந்தது. ஒரு நிமிஷம்.

அவன் அந்த விரலைப் பார்த்தான்.

இதே ஆறு. இதே சொல். இதே விரல்.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். வளைவைத் தாண்டி வெள்ளம் வந்தது. பழுப்பு நிறத்தில், கிளைகளை உருட்டிக்கொண்டு, முழங்கால் உயரச் சுவராக. யானைப் பாதைக்கு நேரமில்லை. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான். தண்ணீர் இடுப்புவரை ஏறி இழுத்தது. வேர் பிய்ந்தது. சிலேஷே கரையில் குப்புற விழுந்து தேநீர்க் கூடையின் வாரை வீசினார். கோதை அவர் காலைப் பிடித்தாள். டீசா அவள் இடுப்பைப் பிடித்தாள். மூவரும் இழுக்க, மாறன் சேறும் ரத்தமுமாய் மேலே வந்து விழுந்தான்.

கெட்டில் ஆற்றோடு போனது. பெட்டியும் போனது.

கோதை அவன் சட்டைப் பையிலிருந்த கார்டை எடுத்துத் துடைத்துத் தன் போனில் செருகினாள். ஆயிரத்து நானூறு படங்கள். இலை, குரங்கு, நாய், நாய். பிறகு ஜூன் ஒன்பது, காலை 7.42. ஒரு தடவை அசைவு தெரிந்தால் மூன்று படம் எடுக்கும் கேமரா அது.

முதல் படம். லோசனி மண்டியிட்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மாறன். முதுகைத் திருப்பி நிற்கவேண்டியவன் அவனும் குட்டிகளைப் பார்த்து நிற்கிறான். அவன் கண்ணிலும் கேமரா. பத்தடி தள்ளி சிலேஷே, இரு கையும் உயர்த்தி, வாய் திறந்து.

இரண்டாம் படம். சிலேஷே ஓடி வருகிறார். மாறனின் இடது கை அவரை நோக்கி நீண்டிருக்கிறது. ஒரு விரல்.

மூன்றாம் படத்தில் புதரிலிருந்து கருப்பாக ஒன்று. சிலேஷே அதற்கும் அவர்களுக்கும் நடுவில்.

கோதை போனைத் தாழ்த்தினாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள். "அஞ்சு மாசமா இந்த மனுஷனத் திட்டிக்கிட்டிருந்தேன். நீங்களும் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல கோதை."

"உங்களுக்கு ஞாபகம் இருக்க வேணாம். பின்னாடி பாத்திருந்தாப் போதும்."

அடித்திருந்தால் தேவலை. மாறன் சிலேஷேயிடம் போனான். "விரலைப் பற்றி ஏன் கடிதத்தில் எழுதவில்லை?"

"எழுதியிருந்தால் வந்திருப்பீர்களா?" சிலேஷேயின் கண்ணில் ஐந்து மாதக் கோபம் இருந்தது. "நீங்கள் என்னைத் தூங்குமூஞ்சி என்று கையெழுத்துப் போட்டீர்கள். என் மகன்களின் பள்ளியில் அது எல்லோருக்கும் தெரியும்."

"மன்னித்துவிடுங்கள்."

"மன்னிப்பு எனக்கு வேண்டாம். லைசென்ஸ் வேண்டும். முதல் படத்தை மட்டும் கொடுங்கள். நான் பக்கத்தில் இருந்தேன் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. மற்ற இரண்டும் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இடையில் உள்ளவை."

மாறன் போனை வாங்கினான். இரண்டாம் படத்தின்மேல் அவன் கட்டைவிரல் நின்றது. அழிப்பதற்கு ஒரு தட்டு போதும். கோதை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூன்றையும் கொடுப்பேன்," என்றான்.

கொடுத்தான். காட்டு இலாகா அலுவலகத்தில் உட்கார்ந்து புதிய வாக்குமூலம் எழுதினான். 'வழிகாட்டி எச்சரித்தார். நான் காத்திருக்கச் சொன்னேன். பின்னால் பார்க்க வேண்டியது என் முறை. நான் பார்க்கவில்லை.' இந்தத் தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். துப்பாக்கி இல்லாமல் அனுப்பியதற்காகக் கேம்பின்மீது கோதை புகார் எழுதினாள். பதினொரு பக்கம். ஒரு பக்கத்தில்கூட மரியாதை இல்லை.

இரண்டு வாரம் கழித்து வடக்கு வாசலில் டீசா பதிவேட்டைத் திறந்தாள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "சிலேஷே. வழிகாட்டி." பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்வரை இரண்டு தடவை சொன்னாள். பிறகு மாறனைப் பார்த்து, "கெட்டிலைத் தொலைத்தது நீங்கள். புதியதை நீங்களே சுமங்கள்," என்றாள். சுமந்தான்.

தெப்பக்குளத்தில் யானைகள் குளித்தன. கோதை அக்காவின் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். அவளுக்குச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. மாறன் அவள் முதுகோடு முதுகாகத் திரும்பி நின்றான். குளம் அவனுக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் தெறிக்கும் சத்தமும் குட்டிகளின் பிளிறலும் காதில் விழுந்தன. முன்னால் வெறும் புதர். அதில் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் அவன் அதையே பார்த்தான். படம் எடுப்பவருக்குப் பின்னால் ஒருவர் வேண்டும். கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

"போதும்," என்றார் சிலேஷே.

மாறன் கெட்டிலை எடுத்துக்கொண்டு அந்தக் கணமே கிளம்பினான்.