ஏழாம் ரூமில் நாலாவது ஆள்

நாலாவதாக வந்த பெண் செப்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே போனாள்.

செல்வக்குமார் அதைக் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து கேமரா திரையில் பார்த்தான். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள அன்றைக்கு அவனிடம் தெம்பு இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி அது. சீசன் உச்சத்தில் இருந்தது. ஆர்டர் போடுவது, லோடு ஏற்றும் லாரிக்காரர்களுக்குப் பதில் சொல்வது, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அதைத் தட்டிக்கொட்டி எழுப்புவது எல்லாவற்றுக்கும் அவன் ஒருத்தன்தான். தூக்கம் கெட்டுக் கெட்டு, கண்ணைத் திறந்து வைத்திருப்பதே தனி வேலையாகி இருந்தது.

கம்ப்யூட்டருக்கும் ஏறக்குறைய அதே நிலைமை. சிவகாசியில் ஒரு பிரிண்டிங் பிரஸ் கழித்துக்கட்டிய பழைய மெஷின். அதில் இருந்த விண்டோஸ் வைரஸ் விழுந்து படுத்துவிட்டது. கேமரா ஓடாவிட்டால் தணிக்கைக்கு வருகிறவர்கள் கம்பெனியைப் பூட்டச் சொல்வார்கள். "விண்டோஸுக்குப் பதிலா காசு கேக்காம லினக்ஸுன்னு ஒண்ணு இருக்காம்லே, அதப் போட்டு விடு" என்று முதலாளி ராஜபாண்டியன் சொல்லிவிட்டுச் சிவகாசிக்குக் காரேறிவிட்டார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். பேர்போன லினக்ஸ் வகைகள் இந்தக் கிழட்டு மெஷினைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒன்று பாதியில் நின்றது, ஒன்று வெறும் கறுப்புத் திரையைக் காட்டியது, மற்றொன்று எல்லாம் நன்றாக ஓடி, கேமரா கார்டை மட்டும் யாரென்றே தெரியாது என்றது.

கடைசியில் இணையத்தின் ஏதோ ஒரு மூலையில் பெரெல் என்ற ஒன்று கிடைத்தது. யாரோ ஒரு குளிர்தேசத்து ஆள் தனியாளாகச் செய்து வெளியிட்டது. அதைப் பற்றி எழுதியவர்களும் குறைவு, அவர்கள் எழுதியதும் பழசு. பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் பதிக்காமலே ஓட்டிப் பார்த்தான். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆனால் கேமராக்களைக் கேட்காமலே கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் திரையில் வரிசையாக விரித்துக் காட்டியது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

வெடிமருந்து ரூமுக்குள் நுழைகிற யாரும் வாசலில் பதித்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் நுழைவார்கள். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடும். இறங்காமல் போனால் ஒரு பொறி போதும், ரூமே இருக்காது. ஏழாம் ரூமில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற மூன்று பேரில் ஒருத்தி பொன்மணி, அவன் மனைவி.

அதனால்தான் அலுப்போடு எழுந்து வெளியே போனான். வானம் மூடிக்கொண்டு வந்தது. கந்தக வாசமும் மழைக்கு முந்தின மண் வாசமும் கலந்து தொண்டையில் நின்றது. போர்மேன் சண்முகவேல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, ஏழாம் ரூமுக்குப் புதுசா ஆள் போட்டிருக்கீகளா? தகட்டத் தொடாம உள்ள போகுது."

"புது ஆளா? இப்பத்தான அங்கன போயிட்டு வாறேன். முருகம்மா, அழகுமீனா, ஒம் பொண்டாட்டி. மூணே பேருதான்."

"கேமராவுல நாலு பேரு தெரியுதே."

"நீ போயி மூஞ்சியக் கழுவு மொதல்ல" என்றார் சண்முகவேல். "கண்ணப் பாரு, மொளகாய் மாதிரி கெடக்கு."

மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். திரையில் நான்கு பேர். நால்வரும் சேலைக்கு மேல் பழைய ஆம்பளைச் சட்டை போட்டு, மூக்கு வாயைத் துணியால் கட்டி, அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளி நிறமாக இருந்தார்கள். மூன்று பேருடைய கைகள் அசைந்துகொண்டே இருந்தன. நாலாவது ஆள் சுவரோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சீசனில் மருந்து ரூமில் சும்மா உட்காருகிறவள் யார்?

காரணம் கிடைக்காமல் போகாது என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான். பேர் தெரியாத லினக்ஸ், பழைய கார்டு. முன்பு எப்போதோ பதிந்த படத்தின் மிச்சம் புதுப் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். விண்டோஸில்கூட இப்படி ஒன்றிரண்டு தடவை நிழல் விழுந்ததுண்டு. பெரெலின் அமைப்புகளைத் திறந்து துழாவினான். பழைய பிம்பத்தை நீக்கு என்ற பொருளில் ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டான்.

படம் ஒருமுறை நடுங்கித் தெளிந்தது. சுவரில் இருந்த ஈரக்கறை, தரையில் விரித்த ரப்பர் பாய், பொன்மணி போட்டிருந்த அவனுடைய பழைய சட்டையில் பட்டன் இல்லாத இடம், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. நாலாவது ஆளும் துல்லியமாகத் தெரிந்தாள். இப்போது சுவரோரம் இல்லை. பொன்மணிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அவன் அந்தப் படத்தையே பார்த்தான். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது, யூபிஎஸ் கீச்சிட்டது. தூரத்தில் இடி உருண்டது. அவள் நகர்வதை அவன் பார்க்கவே இல்லை. கண் சிமிட்டினான், தோளோடு தோள் ஒட்டி இருந்தாள். மறுபடி சிமிட்டினான், முகம் பொன்மணியின் காதருகே இருந்தது. பொன்மணி தலை நிமிரவில்லை. கையில் இருந்த வெடியிலேயே கண்ணாக இருந்தாள்.

அந்த ரூமில் எது நடந்தாலும் பொன்மணி போய்விடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. எழுந்தான்.

கம்பெனிக்குள் ஓடக் கூடாது, நடந்தான். செருப்பை ஆபீஸ் வாசலிலேயே விட்டான். ஏழாம் ரூம் வாசலுக்கு வரும்போது வெளியே மேகவெளிச்சம் மங்கி, உள்ளே இருட்டு இறங்கியிருந்தது. வெள்ளிப் பவுடர் பூசிய உருவங்கள் குனிந்தபடி இருந்தன. எது யார் என்று சட்டெனப் பிடிபடவில்லை. மருந்து கையில் இருக்கும்போது யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, திடுக்கிட்டால் கொட்டிவிடும். வாசலில் நின்று கையை மட்டும் காட்ட வேண்டும். காட்டினான்.

உடனே ஒருத்தி எழுந்து வந்தாள்.

"வா, வீட்டுக்குப் போவம். இன்னைக்கிப் போதும்" என்றான் மெதுவாக. பாதி வேலையில் கிளப்பினால் காச்சுமூச்சென்று கத்துகிறவள், இன்று பேசாமல் பின்னால் வந்தாள். பாவம், அவளுக்கும் அலுப்புதான். வேப்பமரத்தைக் கடக்கையில் சண்முகவேல் அவனை மட்டும் பார்த்தார்.

"என்னய்யா, வந்த சோலி முடிஞ்சுதா?"

தலையாட்டிவிட்டு நடந்தான். சீசன் நேரத்தில் ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறானே என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை ஏசாதது நிம்மதியாகக்கூட இருந்தது.

"மூஞ்சி கை கழுவலியா?" என்று அவளிடம் கேட்டான்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். துணியை அவிழ்க்கவில்லை.

"சரி, வண்டியில இரு. கம்ப்யூட்டர அணச்சிட்டு வந்துருதேன்."

இடி நேரத்தில் ஆபீஸில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது முதலாளி கட்டளை. அவள் ஆபீஸ் வராந்தாவை ஒட்டி நின்ற பைக்கில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான். ஆனைக்குட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வாய் சோறு, அப்புறம் தூக்கம். நாளைக்கு வேறு லினக்ஸ் தேடிக்கொள்ளலாம். மௌஸைப் பிடித்தான்.

ஏழாம் ரூமில் மூன்று பேர் இருந்தார்கள்.

பொன்மணி வந்துவிட்டாள். அந்த நாலாவது நிழல் இன்னும் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் மூன்று பேர் கைகளும் அசைந்துகொண்டிருந்தன. சும்மா இருந்தவள் இல்லை. நடுவில் இருந்தவள் கையிலிருந்த வெடியை முடித்துத் தட்டில் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்கு வந்து முகத்துணியைக் கீழே இறக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

பொன்மணி.

கையில் எடுத்ததை முடிக்காமல் மருந்து ரூமில் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். எத்தனை வருஷமாக அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். உடனே எழுந்து வந்தது...

அடுத்த கேமரா. வராந்தா. பைக்.

சீட்டில் யாரும் இல்லை.

அவனுக்குப் பின்னால் பவுடர் வாசம் அடித்தது. பிடரியில் சூடில்லாத மூச்சு. திரும்ப முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை. தோளில் ஏதோ பதிந்தது. கண்ணோரத்தில் வெள்ளி விரல்கள்.

திரையில் பொன்மணி வேப்பமரத்தைக் கடந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வராதே. வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. வராதே, பொன்மணி. வராந்தா கேமராவில் அவள் தலை தெரிந்தது. மழை விழ ஆரம்பித்தது. வெளியே அவள் குரல் கேட்டது.

"என்னங்க, கையக் காட்டிட்டு எங்கன போனீக? கையில இருந்தத முடிச்சிட்டுத்தான வர முடியும்?"

தோளில் இருந்த பிடி இறுகியது. அவன் காதுக்குப் பக்கத்தில், அவனுடைய குரலிலேயே, அது அலுத்துப்போன மாதிரி பதில் சொன்னது.

"இங்கனதான் இருக்கேன். உள்ள வா."

பொன்மணி வாசல்படியில் கால் வைத்தாள்.