வலையில் உரசிய பந்து

லாயிட் கார்வரின் வலது முழங்கை கிணுகிணுவென்று அலறியது. வாசலில் ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். நிலாக் குடியிருப்பில் எல்லோருக்கும் அழைப்புமணி உடம்பில்தான். செயற்கை மூட்டு வைத்திருப்பவர்களுக்கு மூட்டுக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள்.

கார்வர் அமெரிக்காவின் பழைய டென்னிஸ் வீரர். நிலாவில் எடை குறைவு, முழங்கால் வலிக்காது என்று வந்தவர், தமிழர் நிறைந்த அந்தக் குடியிருப்பில் தங்கித் தமிழும் பேசப் பழகிவிட்டார்.

வந்தவள் பொறியாளர் புஷ்கலா. பூமியில் இப்போது டென்னிஸ் ஆடுபவை உணர்ச்சி மூளை வைத்த இயந்திரங்கள் மட்டுமே. அவற்றுக்குப் பழைய வீரர்களின் நினைவை எடுத்துப் புகட்டுவது அவள் வேலை. கார்வரோடு ஆடிய அத்தனை பேரின் நினைவையும் எப்போதோ எடுத்தாகிவிட்டது. தன்னை மட்டும் யாரும் தேடவில்லையே என்று மனிதர் ஏங்கிக் கிடந்தார்.

நினைவை அள்ளும் நினைவுவாரிக் கருவியை அவர் தலையில் மாட்டி, வலிக்காது என்றாள் புஷ்கலா.

"வலிக்கட்டும்மா. முப்பது வருஷம் ஆடினவனுக்கு வலி என்ன புதுசா? சர்வீஸா, பேக்ஹேண்டா, எது முதல்ல?"

"அந்த ஃபைனலோட கடைசிப் பாயின்ட் போதும் சார்."

அவர் வென்ற ஒரே பெரிய பட்டம் அது. கடைசிப் பந்து வலையின் விளிம்பில் உரசி, ஒரு கணம் தயங்கி, எதிராளியின் பக்கம் செத்து விழுந்தது. அதிர்ஷ்டத்தில் புள்ளி கிடைத்தால் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பது டென்னிஸ் வழக்கம். அவரும் முகம் வாடக் கேட்டார். கனவான் என்று உலகமே கொண்டாடியது.

ஆனால் நினைவுவாரி அப்போது மனதுக்குள் ஓடியதையும் சேர்த்து அள்ளிவிடும். கழற்றிவிடலாமா என்று கை எழுந்தது. கழற்றினால் இனி யாரும் வரமாட்டார்கள். ஆடியதெல்லாம் அவரோடு மண்ணாகும். கையை மடியில் போட்டுக்கொண்டார்.

புஷ்கலாவின் கைத்திரையில் மகிழ்ச்சியைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளிக் குதித்தது. சோகம் மருந்துக்கும் இல்லை.

"கொஞ்சங்கூட வருத்தமே படலையா சார்?"

"உள்ளுக்குள்ள குத்தாட்டம் போட்டேம்மா," என்றார் கார்வர், தரையைப் பார்த்தபடி. "எடுத்து வச்சுட்டுக் கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. பதிவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து, பத்திரமாகச் சேமித்தாள்.

"இதுக்காகத்தான் சார் நிலா வரைக்கும் வந்தேன். எங்க மெஷினுங்க நெஜமாவே வருத்தப்பட்டு மன்னிப்புக் கேக்குதுங்க. ஜனங்க ஒருத்தர்கூட நம்ப மாட்டேங்குறாங்க."