பட்டியலில் இல்லாத வாய்

சைராகுல் கதவைத் தட்டியபோது ஓமோர் சதுரங்கத்தில் கச்சிகேயின் ராணியை வெட்டக் கை நீட்டியிருந்தார். கச்சிகே சட்டென்று எழுந்து காய்களை எல்லாம் பெட்டிக்குள் வாரிப் போட்டார்.

"விருந்தாளி வந்தா ஆட்டத்தைக் கலைச்சிடணும். எங்க ஊர் வழக்கம்."

"எந்த ஊர்ல?" என்றார் ஓமோர்.

"நான் தோக்கப்போற ஊர்ல எல்லாம்."

இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அதனால் கிர்கிஸ் வழக்கப்படி ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. ஓமோர் பிஷ்கேக் காவல் துறையில் முப்பது வருடம் காணாமல் போனவர்களைத் தேடியவர். கச்சிகே ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாராவது ஓமோரை உதவிக்கு அழைத்தால், அவருக்கு முன்னால் கச்சிகே பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

சைராகுல் தலைத்துண்டில் பனி ஈரம் உலராமல் உட்கார்ந்தாள். மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் தலைமை நர்ஸ் அவள். முன்னால் வைத்த தேநீரைத் தொடவில்லை.

"ஓமோர் அண்ணே, எங்க வார்டுல மீன் காணாம போகுது."

கச்சிகே எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கைக் கடித்தபடி சிரித்தார். "அதுக்கு எதுக்கும்மா போலீசு? பூனையப் புடி."

அவள் சிரிக்கவில்லை. "அனர்கான் அக்கா வெள்ளிக்கிழமை டயாலிசிசுக்கு வரல. நாளைக்கும் வரமாட்டேன்னுட்டாங்க. நாளைக்கும் வரலன்னா..."

கச்சிகே போர்சோக்கைத் தட்டில் வைத்தார்.

விஷயம் இதுதான். வார்டில் இருபத்துநாலு நோயாளிகள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்தபடி கிடக்க வேண்டும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமென்று, இயந்திரங்களைப் பராமரிக்கும் தாலாய் ஒரு மீன்தொட்டி வைத்தான். எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். அதில் இருபத்துநாலு நியான் மீன்கள். நீலக் கோடும் சிவப்புக் கோடுமாக, சுண்டுவிரலில் பாதி. ஆளுக்கு ஒன்று என்று நோயாளிகள் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

"பதினோரு நாள்ல ஒன்பது போயிடுச்சு. ஒரு பொணம்கூடக் கிடைக்கல. யாரு மீன் போச்சோ அவங்கதான் அடுத்துப் போவாங்கன்னு வார்டுல ஒரு பேச்சு. அனர்கான் அக்கா மீனுக்கு வால் நுனி கிழிஞ்சிருக்கும், நல்லா அடையாளம் தெரியும். அது வியாழக்கிழமையிலேர்ந்து இல்ல."

"தொட்டிக்கு மூடி இருக்கா?" என்று கேட்டார் ஓமோர்.

"மூடியும் இருக்கு, பூட்டும் இருக்கு. சாவி தாலாய்கிட்ட மட்டும்தான். அவனே எடுத்து விக்கிறான்னு சொல்றாங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்லண்ணே."

கச்சிகே ஏற்கனவே வாசலில் நின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் வார்டில் யாருமில்லை. காலி நாற்காலிகளுக்கு எதிரே சுவரோரம் தொட்டி மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. தாலாய் அதன் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒல்லியான இளைஞன். தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது.

கச்சிகே இதுவரை மீனை வாணலியில்தான் உற்றுப் பார்த்திருக்கிறார். இப்போது கண்ணாடிக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் இளந்தேநீர் நிறத்தில் இருந்தது. பாசி படர்ந்த ஒரு பெரிய வேர் வலது மூலையிலிருந்து கிளைவிட்டிருந்தது. மணல் தரையில் ஓரம் வளைந்து வளைந்து வெட்டினாற்போன்ற ஓக் இலைகள் படுத்திருந்தன. வேருக்கு அருகே ஒரு காய்ந்த இலை காம்பு கீழே தொங்க, தண்ணீரின் நடுவே மெல்ல மிதந்துகொண்டிருந்தது. நியான்கள் பதினைந்தும் இடது கோடியில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. யாரோ நீல நெருப்பைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட்டது போலிருந்தது.

"உள்ள இருக்கிற மீன் பட்டியலைச் சொல்லு தம்பி," என்றார் ஓமோர்.

"மேல தேன் நிறத்துல ரெண்டு குராமி. நடுவுல நியான். அடியில மீசை மீன் ஆறு. கண்ணாடியில ஒட்டிப் பாசி தின்னுற சின்ன மீன் நாலு. எல்லாமே சாதுங்க ஐயா. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மெதுவான தண்ணி, ஒரே சூடு. ஒண்ணு இருக்கிற எடத்துக்கு இன்னொண்ணு போகாது. அந்த ஓக் இலைகூடப் பூங்காவுல பொறுக்கி, வேகவச்சுப் போட்டேன். அதுல ஊறின தண்ணி நியானுக்கு ஆகும்."

"வேர்?"

"மீன் சந்தையில வேரா அம்மான்னு ஒருத்தங்க, அவங்க பழைய தொட்டியில இருந்தது. பாசி காயக் கூடாதுன்னு ஒரு வாளித் தண்ணியோட குடுத்தாங்க. பன்னெண்டு நாள் ஆச்சு. அப்படியே சாய்ச்சு எறக்கினேன்."

கச்சிகேக்குப் பொறுக்கவில்லை. "எனக்குப் புரிஞ்சுபோச்சு! அந்த மீசைக்காரனுங்க. மீசையப் பாரு, திருட்டு மீசை. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் வேலையக் காட்டுறானுங்க."

"அவனுங்க வாயைப் பாத்தியா?" என்றார் ஓமோர். "கீழ பாத்த மாதிரி, கடுகு நுழையற அளவு. செத்த மீனைக் கொறிக்கலாம். முழுசா முழுங்க முடியாது. குராமிக்கும் அதே கதைதான்."

"அப்போ சாவி வச்சிருக்கறவன்தான்," என்று கச்சிகே சொல்லிவிட்டு, தாலாயின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஓமோர் சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு எப்படி இருக்குமோ அப்படி விளக்கைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அசையாமல் தண்ணீரையே பார்த்தார். கச்சிகே இரண்டு முறை கொட்டாவி விட்டார், ஒரு முறை, "உயிரோட இருக்கியா?" என்று கேட்டார். பிறகு ஓமோர் எழுந்து, தாலாயிடம் சந்தைக்காரியின் எண்ணை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கச்சிகே இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது. கோவிலுக்கோ மசூதிக்கோ போய்வந்தவன் முகம் போல.

"சைராகுல், அனர்கான் அக்காவைக் கூட்டிட்டு வாம்மா."

"வரமாட்டாங்கண்ணே."

"வைத்தியத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டாங்க. ஒரு பையன் மேல பழி விழுந்திருக்கு, சாட்சி வேணும்னு சொல்லு."

அனர்கான் வந்தாள். எழுபது வயது. முகமும் கால்களும் வீங்கியிருந்தன. மூன்று அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். வாய் மட்டும் நிற்கவில்லை. "சாகக் கிடக்கறவள வீட்டுல நிம்மதியா விடாம... எங்க அந்தப் போலீஸ்காரன்? நீயா? இவ்வளவு வயசாகியும் உனக்கு மீன் புடிக்கற வேலைதானா?"

"ஆமாக்கா. உக்காருங்க," என்றார் ஓமோர் பணிவாக.

ஐவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மூடியில கீறல் இல்ல. தரையில ஈரம் இல்ல. வலை தூசி படிஞ்சு தொங்குது. அதனால மீன் வெளிய போகல. பொணமும் இல்லாததால செத்து விழல. மீதி ஒரே வழிதான். உள்ளேயே யாரோ முழுசா முழுங்கியிருக்காங்க. ஆனா தாலாய் போட்ட பட்டியல்ல எந்த வாயும் அதுக்குப் பத்தாது. தம்பி தப்பே பண்ணல, அவ்வளவு அழகாப் பொறுக்கியிருக்கான். அப்படின்னா பட்டியல்ல இல்லாத ஒரு வாய் உள்ள இருக்கு."

"ஏதுடா இருக்கு? நானும்தான் பாத்தேன்," என்றார் கச்சிகே.

"நியானுங்களக் கேளு. இவ்வளவு பெரிய தொட்டியில பதினஞ்சும் ஏன் இடது மூலையில முடங்கிக் கிடக்குது? வலது பக்கம் எதுக்கோ பயம். தாலாய், எத்தனை இலை போட்ட?"

"ஒன்பது ஐயா."

"எண்ணு."

தாலாயின் உதடுகள் அசைந்தன. மறுபடி எண்ணினான். "பத்து," என்றான் குரல் எழும்பாமல்.

"ஒன்பது இலை ஊறிப்போய்த் தரையில கிடக்குது, ஓரமெல்லாம் வளைவு வளைவா. ஒண்ணு மட்டும் ஓரம் நேரா, நடுத்தண்ணியில நிக்குது. குமிழியெல்லாம் வலது பக்கம் ஓடுது. அந்த இலை இடது பக்கம் வந்துச்சு. ஒரு மணி நேரத்துல ஒரு சாண் தூரம், நியானுங்க இருக்கிற பக்கமா. எந்த இலையும் ஓட்டத்தை எதுத்து நகராது."

ஓமோர் சொன்னபடி தாலாய் ஒரு சிவப்புப் புழுவை நூலில் கட்டி, மூடியைத் திறந்து, உயிருள்ளது போல அசைத்தபடி இறக்கினான். கச்சிகே மூக்கு கண்ணாடியில் முட்டும்படி குனிந்தார். பழுப்பு இலை, கரும்புள்ளிகளோடு, நடுநரம்போடு, தலைகீழாகச் சாய்ந்து நின்றது. காம்பு என்று அவர் நினைத்திருந்தது தாடையில் தொங்கிய ஒரு சதை இழை. இலையின் விளிம்பில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய துடுப்புகள் படபடத்துக்கொண்டிருந்தன. நரம்புக் கோட்டின் நடுவில் ஒரு கண் அவரைப் பார்த்தது.

இலை சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. காற்றில்லாத இடத்தில் விழப்போகும் இலை அப்படித்தான் சாயும். பிறகு அதன் முன்பக்கம் குழாயைப் போல நீண்டு, மொத்தத் தலையும் ஒரு வாயாகத் திறந்து மூடியது. புழு இல்லை. நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இலை மீண்டும் இலையாகிவிட்டது.

இத்தனை வருடம் மலைகளையும் சுரங்கங்களையும் எஞ்சினில் உட்கார்ந்து பார்த்த கச்சிகேக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண் சிமிட்டிவிட்டுப் பார்த்தால் எது மீன் என்று மறுபடி தேட வேண்டியிருந்தது. கண்ட பிறகும் கண் நம்ப மறுத்தது.

"வேரா அம்மா தொட்டியில இந்த மாதிரி இலை மீன் ஒண்ணு காணாம போய் மூணு வாரம் ஆச்சாம்," என்றார் ஓமோர் மெல்ல. "செத்து மக்கிப் போச்சுன்னு நெனச்சிருக்காங்க. வேரோட, பாசியோட வாளியில ஏறி இங்க வந்திருக்கு. தாலாய் கண்ணு முன்னாலதான் எறங்கியிருக்கு. முப்பது வருஷம் ஒளிஞ்சவங்களத் தேடியிருக்கேன். இப்படி ஒளியத் தெரிஞ்ச ஒருத்தனப் பாத்ததில்ல."

தாலாய் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். சைராகுல் அவன் தோளில் கை வைத்தாள்.

அனர்கான் மட்டும் கண்ணாடியை விட்டு அகலவில்லை. "என் வால் கிழிஞ்சவனையும் இதுதான் தின்னுச்சா?"

"ஆமாக்கா," என்றார் ஓமோர். அவர் எதையும் பூசி மெழுகவில்லை.

"பசிச்சுதுன்னு?"

"பசிச்சுதுன்னுதான். வேற ஒரு காரணமும் இல்ல."

அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று சைராகுல் எழுந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னமோ சாவுதான் என்னைத் தேடி வந்துட்டதா நெனச்சு, மூணு நாளாப் படுத்துக்கிட்டுக் கூரையப் பாத்துக்கிட்டுக் கிடக்கறேன். இந்த எலைப் பயலுக்குச் சோறு பத்தலயாம்!" மூச்சு வாங்க நிறுத்தினாள். "ஏம்ப்பா தாலாய், இவன என்ன பண்ணப்போற?"

"தனித் தொட்டிக்கு மாத்திடறேன் அக்கா. கூட யாரும் இல்லாம இருந்தா நல்லவன்தான். நாளைக்கே வேரா அம்மாகிட்டக் கேட்டுட்டு..."

"கேட்டுட்டு இங்கயே வை. என் நாற்காலிக்குப் பக்கத்துல. உள்ள நெறைய இலையப் போடு." சைராகுல் பக்கம் திரும்பிச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "என்ன வேடிக்கை பாக்கற? வெள்ளிக்கிழமை பாக்கி இருக்கில்ல? டாக்டருக்கு போன் போடு."

சைராகுல் ஓடினாள். டாக்டர் அரை மணி நேரத்தில் வந்தார். இயந்திரம் முனகத் தொடங்கி, குழாயில் ரத்தம் ஏறியபோது அனர்கான் தலையைத் தொட்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"கச்சிகே," என்றாள். "அது இப்போ எங்க இருக்கு, தெரியுதா உனக்கு?"

கச்சிகே குனிந்து பார்த்தார். வேர், பாசி, பத்து இலைகள். "தெரியலையேக்கா."

"சொல்லிடாத ஓமோர். நானே கண்டுபிடிக்கறேன். நாலு மணி நேரம் இருக்கு."