நீலக் கோட்டுக்குக் கீழே

சின்னப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் சுவர் ஊறியிருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகப்போகிறது, கத்திரி வெயில் குருவிநத்தத்துத் தெருவை அப்பளமாய்ப் பொரித்துக்கொண்டிருக்கிறது, ஆனாலும் ஊறியிருந்தது. அதுவும் சரண்யா போட்ட நீலக் கோட்டுக்குக் கீழே மட்டும். மேலே சுண்ணாம்பு பொருக்குத் தட்டிக் காய்ந்து கிடந்தது.

"பெயிண்ட்ல இன்னாடி கலந்த? தொட்டு நக்கிப் பாரு. கருவாடு ஊறின தண்ணி மாதிரி கரிக்குது" என்றாள் சின்னப்பிள்ளை.

சரண்யா தொட்டாள், நக்கவில்லை. "பைப்பு லீக்காயிருக்கும்க்கா."

"இந்தச் செவுத்துல பைப்பே கெடையாதுடி, எம்மெஸ்சி!"

அந்தக் கோட்டின் கதை தெருவுக்கே தெரியும். முழுக்கதை சரண்யாவுக்கு மட்டும்தான் தெரியும். கடல்மட்டம் உயர்வதை ஜனங்களுக்குப் புரியவைக்கவென்று ஒரு தொண்டு நிறுவனம் பாகூர் பக்கம் வந்திறங்கியிருந்தது. கடல் ஏறினால் பெண்ணையாற்று வெள்ளம் வடிய வழியில்லாமல் ஊருக்குள் எதிர்த்து நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. வீடு வீடாகப் போய், டேப்லெட் காட்டுகிற உயரத்தில் சுவரில் கோடு இழுத்து, பக்கத்தில் அந்த உயரத்துக்குத் தண்ணீர் வரப்போகிற வருஷத்தை எழுத வேண்டும். எம்.எஸ்சி. முடித்துவிட்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்த சரண்யாவுக்கு அந்த வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை ஏறிய நாளிலிருந்து அவள் நடையே மாறிப்போனதைக் கவனிக்காதவர் தெருவில் கிடையாது.

முதல் வீடு சின்னப்பிள்ளையுடையது. டேப்லெட் சொன்னது முழங்கால் உயரம். தெரு சிரித்தது.

"முட்டி வரிக்கும்தானா? போன புயலுக்கே இடுப்பு வரிக்கும் வந்துச்சு. கட்டில பெஞ்சு மேல தூக்கிப் போட்டுட்டு டீ போட்டுக் குடிச்சோம். இதுக்கு ஒரு படிப்பா?" என்றாள் சின்னப்பிள்ளை.

அது வந்து வடிந்த தண்ணீர், இது வந்தால் வடியாத தண்ணீர் என்று சரண்யா விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. பிரஷ்ஷை எடுத்தாள், சின்னப்பிள்ளையின் தொண்டைக்குழி உயரத்துக்கு ஒரே இழுப்பு.

சிரிப்பு நின்றது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் தெருவில் மற்ற பதினொரு வீட்டிலும் டேப்லெட்டை ஒரு மரியாதைக்குப் பிடித்துக்கொண்டு, வாய் நீளமான வீட்டுக்கு உயரமான கோடாகப் போட்டாள். நிறுவனம் போட்ட கூட்டத்துக்கு அதுவரை எட்டிப் பார்க்காத பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் ஜெயசீலன் வாட்ஸப் குரூப்பில் கைதட்டினார். கடைசியாக அவள் வீடு. மகள், ஆறு வயது யாமினியைச் சுவரோரம் நிறுத்தி, உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் அளந்து கோடு போட்டு, போட்டோ எடுத்தாள். பெற்ற பிள்ளையே முழுகிப்போகிற மாதிரி. எல்லாப் படத்தையும்விட அதுதான் ஊர் ஊராகச் சுற்றியது.

இப்போது சின்னப்பிள்ளை வீட்டிலிருந்து திரும்பியவள் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்த்தாள். சுவர் காய்ந்திருந்தது. ஆனாலும் கூடத்தில் சேற்றில் செத்த நண்டின் வாடை, ஊதுபத்திக்கும் அடங்காமல், மின்விசிறி சுற்றச் சுற்றத் தரையோரமாகப் படிந்துகொண்டே வந்தது. விசிறியை நிறுத்தினால், எங்கோ மிகப் பெரியதாக ஒன்று இழுத்து விடுகிற மூச்சு, செங்கல்லுக்குள்ளிருந்து. கோட்டின் மேல் இரண்டு பூச்சு வெள்ளையடித்தாள். காய்ந்ததும் நீலம் மேலே வந்து நின்றது.

ஜெயசீலனைக் கூப்பிட்டாள். "சார், கோட்டையெல்லாம் மாத்திப் போடணும். அளவு கொஞ்சம் தப்பாயிடுச்சு."

"ஐயோ, எதையும் தொடாதீங்க மேடம்! வியாழக்கிழம வெளியூர்லேந்து பாக்க வர்றாங்க. முடிஞ்சா இன்னும் நாலு வூட்ல போட்டு வைங்க. கணக்கோட ஒத்துப்போவுதில்ல?"

அவள் அடையாள அட்டையைத் தடவினாள். "ஒத்துப்போவுது சார்."

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு எதிர்வீட்டு ருக்குமணி போட்ட கூச்சலில் தெருவே சின்னப்பிள்ளை வீட்டுக்கு ஓடியது. சரண்யாவும் ஓடினாள். டிவியில் மாமியார் மருமகள் சண்டை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சின்னப்பிள்ளை. புடவை மொடமொடவென்று காய்ந்திருந்தது. கொண்டை மட்டும் நனைந்து அவிழ்ந்து முகமெல்லாம் ஒட்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கியபோது தலை சாய்ந்தது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்டியது. குடம் குடமாய். பொடிமணலோடு. நிற்கவே இல்லை.

"உக்காந்து டிவி பாத்துக்குனுதானடி இருந்தா!" என்று ருக்குமணி மாரில் அடித்துக்கொண்டாள்.

உட்கார்ந்து. நின்றிருந்தால் தலை கோட்டுக்கு மேலே.

சரண்யா வாசலைப் பார்த்துத் திரும்பினாள். யாமினி. பள்ளிக்கூட லீவு. புருஷன் ராஜேஷ் கம்பெனி ஷிப்டில். பிள்ளை வீட்டில் தனியாக.

ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. தார் சுட்டது. தெரியவில்லை. கதவு திறந்தே இருந்தது. கார்ட்டூன் சத்தம். சிரிப்புச் சத்தம். டிவியின் சிரிப்பு.

கூடத்தின் நடுவில் யாமினி. நுனிக்காலில் எக்கி நிற்கிற மாதிரி. கால் தரையில் படவில்லை. கவுன் குடையாக விரிந்திருந்தது. முடி மேலே. எல்லாம் மேலே. வாய் "அம்மா" என்றது. சத்தம் வரவில்லை. குமிழி வந்தது.

உள்ளே பாய்ந்தாள். நெஞ்சு வரை குளிர் அறைந்தது. மூன்றடி தூரம், மூன்று நாள் நடை. பிள்ளையின் கை. பிடித்தாள். இழுத்தாள். வாசல். படி. தெரு.

வெயில். காய்ந்த மண். வெளியே வந்தாயிற்று.

"மூச்சு வுடுடி செல்லம். வந்துட்டோம். அவ்ளோதான். வுடு."

முடி இறங்கவில்லை.

தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். பிள்ளையின் வாயிலிருந்து கிளம்பிய குமிழிகள் உச்சந்தலையைத் தாண்டி, ஒரு சாண் மேலே போய், வெறும் வெயிலில் உடைந்தன. கையை முழுதாக நீட்டினாள். எக்கினாள். ரோட்டோரச் சிமெண்டுத் திட்டில் ஏறி நின்றாள். அந்த ஒரு சாணும் கூடவே ஏறியது.

"இன்னாடி பண்ற? புள்ளய எறக்குடி!" என்று தெரு கத்தியது.

ஒரு குமிழி. அப்புறம் ஒன்று, சின்னதாக.

அப்புறம் இல்லை.

முடி மட்டும், இலை அசையாத அந்தத் தெருவில், மெதுவாக விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்துகொண்டிருந்தது.