பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள்

"அடுத்தவங்க ஸ்க்ரீன எட்டிப் பாக்குறது என்ன பழக்கம்?"

சுள்ளென்று திரும்பினாள் தினேஸ்வரி. சிலிபின் பகுதியின் சாலையோர ஒட்டுக்கடையில் அந்த ஒரு மேசைதான் மழைச்சாரலுக்குத் தப்பியிருந்தது. கேட்காமலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான் அவன். நனைந்த தலைமுடி, சிரிக்கிற பெரிய கண்கள்... சீ, இப்போது கண்ணா முக்கியம்?

"சோரி லா. வேணும்னு பாக்கல. நானும் இதே வேலதான்... பேரு கென்னத்."

"நான் கேட்டேனா?"

மணி மூன்று நாற்பது. கிளினிக்குகளுக்கான, மருந்தளவு கணக்கிடும் மென்பொருளை நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். 'எல்லா டெஸ்டும் பாஸ்' என்று மேலதிகாரி புனிதா அக்காவிடம் சற்றுமுன்தான் போனில் சொல்லியிருந்தாள். வேலையில் சேர்ந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமாவது இன்றைய ஒப்படைப்பில்தான் இருந்தது. திரையில் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள், ஒரு புள்ளிக்குப் பாஸான ஒரு சோதனை.

"மருந்துக் கணக்குக்குப் பன்னெண்டு டெஸ்டுதானா?" என்றான் மெதுவாக.

"எத்தன இருக்குன்னு எனக்குத் தெரியும்!"

"எத்தன?"

திரையைத் திரும்பப் பார்த்தாள். தெரியாது... உண்மையிலேயே தெரியாது!

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மழையைப் பார்த்து உட்கார்ந்தான். "நான் பாக்கல. டெஸ்ட் ஓட்டுற பைடெஸ்ட்ல 'கலெக்ட் ஒன்லி'ன்னு போடுங்க. எதையும் ஓட்டாது. என்னென்ன டெஸ்ட் இருக்குன்னு பேரு மட்டும் வரும்."

அதை அப்படியே கீபோர்டில் அடித்தாள். பன்னிரண்டு பெயர்கள். எல்லாம் பெரியவர்களுக்கான மருந்தளவு.

"ஐயோ... பிள்ளைங்களோடது ஒண்ணுகூட காணோமே!"

"எந்த ஃபோல்டர்ல நின்னு ஓட்டுனீங்க?"

அவசரத்தில் பெரியவர்களுக்கான ஃபோல்டருக்குள்ளேயே நின்றிருக்கிறாள். வெளியே வந்து மறுபடி பட்டியல் கேட்டாள். நாற்பத்தொன்று! அத்தனையையும் ஓட்டினாள். ஒரு டெஸ்ட் ஃபெயிலாகிச் சிவந்தது. பத்துக் கிலோ குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து...

மூன்று ஐம்பத்திரண்டு. பேசாமல் அனுப்பிவிட்டால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. போனை எடுத்தாள்.

"அக்கா... நான் சொன்னது தப்பு. முழுசா ஓட்டல. பிள்ளைங்க மருந்து தப்பா வருது. இன்னிக்கு அனுப்ப வேணாம்கா."

"காலையில ஆபீசுக்கு வா. பேசணும்." புனிதா அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவள் கண்கள் குளமாயின. அவன் இன்னும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப திரும்பலாமா?"

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. "திரும்புங்க. என் வேல போனாலும் போயிரும்..."

"ஒரு பிள்ள தப்பிச்சிருச்சே லா."

எவ்வளவு கடுமையாகப் பேசினேன், இவனிடம் போய்! மூச்சை இழுத்துப் பிடித்தாள். இந்தத் துணிச்சல் நாளைக்கு இருக்காது.

"கென்னத்... இன்னிக்கு உண்மைய மறைக்கிற தெம்பு எனக்கு இல்ல. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் காது மடல்கள் சிவந்தன.

"காலையில நானும் வாரேன்," என்றான். "ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். வேல இருந்தாலும் இல்லாட்டியும்... சேந்து சாப்பிடப் போலாம்."

"அப்ப... என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காமலா?"