கீழிருந்து ஒன்று, மேலிருந்து இரண்டு

அன்று காலை பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்துச் சமையலறையில் இருந்தவர்கள் நால்வர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூத்தவர். அவருக்கு இடப்பக்கம், அடுப்பை ஒட்டி, அவர் மனைவி. கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், அடுப்புப் புகைக்கு மனைவியைப் பறிகொடுத்து ஒன்பது நாளான தம்பி. மேசையின் தலைப்பக்கத்தில் புகைபோக்கி ஆய்வாளர். ஐந்தாவது நாற்காலி காலி. அதில் யாரும் உட்காரவில்லை. அதை ஓரமாக நகர்த்தவும் யாருக்கும் மனம் வரவில்லை.

மேசை நடுவில் மாடிச் சாவி கிடந்தது. மாடியில் ஆள் இல்லை.

ஆய்வாளருக்கு இந்த வீடு புதிதல்ல. போன குளிர்காலத்தில் ஒருமுறை வந்திருந்தார். கீழே அண்ணன் குடும்பத்துக்கு ஒரு விறகடுப்பு, மாடியில் தம்பி குடும்பத்துக்கு ஒரு விறகடுப்பு. சுவருக்குள் ஏறும் புகைபோக்கி மட்டும் ஒன்றே ஒன்று. கூடாது என்பது விதி. ஆனால் அண்ணனும் தம்பியும் மாறி மாறிக் கெஞ்சியதில் அவர் மனம் இளகிவிட்டது. ஒரு நிபந்தனை போட்டுக் கையெழுத்திட்டார். ஒரு நேரத்தில் ஓர் அடுப்புதான் எரியலாம். கீழே பற்றவைக்கும் முன் குழாயில் ஒரு தட்டு. மேலே இருப்பவர் தம் அடுப்பை அணைத்து, குழாயின் அடைப்புத் தகட்டை மூடிவிட்டு இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் தீக்குச்சி. அவருடைய சொந்த யோசனை அது. கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தத் தகட்டைப் பார்க்க மட்டும் அவர் மாடி ஏறவில்லை. முழங்கால் வலி. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதினார்.

“அன்னிக்குக் காலையில பத்து மணிக்குத் தட்டினேன் சார்,” என்றாள் மூத்தவரின் மனைவி. “உடனே ரெண்டு தட்டு. குழாய் வழியா குரல் வேற. ‘என்னக்கா, நான் உயிரோட இருக்கேனான்னு விசாரிக்கிறீங்களா’ன்னு. அவளுக்கு எல்லாமே கிண்டல்தான். சிரிச்சுக்கிட்டே பத்த வச்சேன்.”

“அப்புறம்?”

“நடுவுல தீ அணைஞ்சுபோச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி தட்டினேன். மறுபடியும் ரெண்டு தட்டு. பேச்சு மட்டும் இல்ல.”

தம்பி தலையைத் தூக்கவில்லை. “டாக்டர் எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க சார். மதியமே போயிட்டா அவ. நாலு மணிக்குத் தட்டினது யாரு அண்ணி? பொணமா?”

“டேய், வார்த்தையை அளந்து பேசு,” என்றார் மூத்தவர்.

“அளந்துதாண்ணே பேசறேன். இவங்க தட்டவே இல்ல. காலையிலயும் தட்டியிருக்க மாட்டாங்க. குளிருக்கு அவசரம்.”

அவள் அழவில்லை. ஆய்வாளரை மட்டும் பார்த்தாள். பதில் வராமலே பற்றவைத்தாள் என்று இவர் மேலதிகாரிக்கு எழுதப்போகும் கடிதத்தில் ஒரு வரி இருந்தால் போதும், அவள் சிறைக்குப் போவாள். அது அந்த மேசையில் இருந்த நால்வருக்கும் தெரியும்.

“காதால கேட்டதைத்தான் சொல்றேன் சார். என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

ஆய்வாளர் எழுந்தார். எதையும் சோதித்துப் பார்த்துவிடுவது அவர் வழக்கம். அடுப்பருகே சாய்த்திருந்த நெருப்புக் கம்பியை எடுத்தார். குழாயில் ஒரு தட்டு.

ஓசை மேலே ஏறிப் போய்த் தேய்ந்தது. எங்கோ கரி பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரச் சாம்பல் வாடை இறங்கி வந்தது.

ஆய்வாளர் கம்பியைப் பழைய இடத்தில் சாய்த்து வைத்தார்.

டங். டங்.

தம்பி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மூத்தவர் சாவியைப் பார்த்தார். அது மேசையில் அப்படியேதான் இருந்தது.

“குளிர்ல இரும்பு சுருங்கும்,” என்றார் ஆய்வாளர். “அதான் சத்தம்.”

“அப்போ அன்னிக்குக் கேட்டதும் இரும்புதானா சார்?” என்றாள் அவள். “அப்படியாவது எழுதுங்க. அவதான்னு நினைச்சு ஏமாந்துட்டேன்னு எழுதுங்க.”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக மாடி ஏறினார். இந்த முறை முழங்கால் வலி நினைவுக்கு வரவில்லை.

அறை துடைத்துவிட்டது போல் இருந்தது. கட்டிலில் மடித்த போர்வை. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. தட்டுவதற்கென்றே இறந்தவள் வைத்திருந்த இரும்புக் கரண்டி ஆணியில் தொங்கியது. அதன்மேல் ஒன்பது நாள் தூசி, விரல் படாமல், படிந்தபடி இருந்தது.

திருகாணிகளைக் கழற்றிக் குழாயைச் சுவரிலிருந்து பிரித்தார். தரையில் படுக்கவைத்தார். உள்ளே அடைப்புத் தகடு ஒழுங்காக மூடியே இருந்தது. இவர் சொன்னபடியே இறந்தவள் செய்திருக்கிறாள். தகட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

நடுவில் துரு தின்ற ஓட்டை. இரண்டு விரல் நுழையும்.

புதிய துரு அல்ல. போன வருடமே இருந்திருக்கும். ஏறியிருந்தால் பார்த்திருப்பார்.

தகட்டைப் பைக்குள் போட்டார்.

அப்போது சுவர் ஓட்டை வழியாகக் கீழிருந்து ஒரு தட்டு வந்தது. மூத்தவரின் மனைவிதான். “சார், மேலே எல்லாம் சரியா இருக்கா?”

அவர் வாய் திறப்பதற்குள், காலடியில், எதோடும் ஒட்டாமல் தரையில் தனியாகக் கிடந்த குழாய் இரண்டு முறை ஒலித்தது.

ஒவ்வொரு ஒலிக்கும் அதன் வாயிலிருந்து ஒரு சிட்டிகைக் கரி தரையில் விழுந்தது.

“இப்போ தட்டினது நீங்கதானே சார்?”

“ஆமா,” என்றார் ஆய்வாளர். “நான்தான்.”

மறுநாள் பிற்பகல் அலுவலகத்தில் கடிதத்தை எழுதி முடித்தார். மேலதிகாரிக்கு. இரண்டு பக்கம், எண்ணிட்ட பத்திகள், அடித்தல் திருத்தல் இல்லை. ‘அடைப்புத் தகடு குறையின்றி இருந்தது. இறந்தவர் நான்கு மணிக்குப் பதில் தந்திருக்க இயலாது. ஆகவே காலையிலும் கீழ்த்தளத்துப் பெண் பதில் பெறும் முன்பே அடுப்பைப் பற்றவைத்தார் என்று கருத வேண்டியுள்ளது.’ படித்துப் பார்த்தார். கையெழுத்து நடுங்கவில்லை, அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது. தகடு மேசை இழுப்பறையில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் என்று அவள் சொன்னதாக நினைவு. சொன்னாளா, தானாக நினைத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அறை மூலையில் ஒரே ஓர் அடுப்பு. அதற்கென்று தனிப் புகைபோக்கி. விதிப்படி அவரே நின்று கட்டவைத்தது. பியூன் அதன்முன் குந்தி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் கடிதத்தை உறையிலிட்டார். அரக்கை உருக்கி ஊற்றினார். முத்திரையை ஓங்கி ஒரு குத்து.

டங். டங்.

பியூன் அண்ணாந்து குழாயைப் பார்த்தார். “ஏதோ பறவை மாட்டிக்கிச்சு போல சார். பத்த வச்சா தானா ஓடிடும்.”

ஆய்வாளர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் உறையைக் கிழிக்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டார்.

பியூன் தீக்குச்சியைக் கிழித்தார். விறகு பற்றியது. கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்துத் தபால் பையில் போட்டார். “குளிர் உள்ள வரும் சார்,” என்று கதவை அழுத்திச் சாத்திவிட்டுப் படி இறங்கினார். ஆய்வாளர் படிகளை எண்ணினார். பதினெட்டு. தெருக்கதவு திறந்து மூடிக்கொண்டது.

அடுப்பின் இடுக்கிலிருந்து நூல் போல ஒரு புகை வெளியே வந்தது. அது மேலே போகவில்லை. மேசையை நோக்கி வந்தது.