மறைந்தது அந்த 1!

"அப்பாஆஆ!"

அந்த அலறலில் தென்கொரியாவின் இஞ்சோன் நகரச் சந்தே வெளியே எட்டிப் பார்த்தது.

மாடிப்படிக்குக் கீழே போங்நாம் கிடந்தார். நூடுல்ஸ் கடை முதலாளி. எழுபது வயது. பின்மண்டை பிளந்திருந்தது...

அலறியவள் அவருடைய ஒரே மகள் மிரான். கையில் அப்பாவுக்குப் பிடித்த கடற்பாசி சூப்.

இன்ஸ்பெக்டர் குவாக் வந்தாள். ஐம்பது வயது. வாயில் காய்ந்த கணவாய் மீன் துண்டு.

"யாரு தள்ளினது?"

"அக்காதான் மேடம்!" முந்திக்கொண்டான் சேஹுன். போங்நாமின் தம்பி மகன். பதினெட்டு வருஷம் லண்டனில் இருந்துவிட்டுப் போன மாசம் திரும்பியவன். வந்த நாளிலிருந்து, கடைக் கட்டடத்தை விற்கச் சொல்லிப் பெரியப்பாவை நச்சரித்தவன்.

"டேய்! உன் நாக்கு அழுகிடும்டா!"

"ஆதாரம் இருக்கு அக்கா." ஃபோனை நீட்டினான். வாட்ஸ்அப். நேற்றிரவு பெரியப்பா அனுப்பியது: 'மிரான் என்னைத் தள்ளிவிட்டாள். காப்பாற்று.'

மிரான் முகம் வெளுத்தது. நேற்று அவள் அப்பாவோடு சண்டை போட்டது தெருவுக்கே தெரியும். கான்ஸ்டபிள் அவளை நோக்கி விலங்கை எடுத்தார்.

குவாக் மெல்வதை நிறுத்தினாள்.

"வாட்ஸ்அப்பா? கல்யாணம், கருமாதி, மீன் கடை ஆர்டர்... எங்க ஊர்ல எல்லாமே காக்காவோ ஆப்லதானேய்யா!"

"அவருக்கு நான்தான் வாட்ஸ்அப் போட்டுக் குடுத்தேன். காக்காவோவா? அதை நான் தொட்டதே இல்ல மேடம். கரடி பொம்மையும் முயல் பொம்மையும் அனுப்பிக்கிட்டு... சுத்தப் பட்டிக்காட்டுத்தனம்!"

"அடேங்கப்பா!" குவாக் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மண்டை உடைஞ்ச கிழவர், தினம் பார்க்கறதை விட்டுட்டு, துரை போட்டுக் குடுத்ததைத் தேடித் திறந்தாராக்கும்! அவர் ஃபோன் எங்கே?"

"காணோம் மேடம்," என்றார் கான்ஸ்டபிள்.

"அதுக்கு லாக்கே கிடையாது..." விசும்பினாள் மிரான்.

குவாக் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கிசுகிசுத்தாள்.

அப்பா, அத்தை, மிரான். மூன்றே பேர் இருந்த காக்காவோ குரூப். மிரான் அதில் ஒரு படம் அனுப்பினாள். 'அத்தை, நேத்து படிக்கட்டு கேமராவுல பதிவானது இது. பாருங்க!'

பக்கத்தில் மஞ்சளாய் 2. இன்னும் எத்தனை பேர் படிக்கவில்லையோ, அந்த எண்.

பூசான் நகரில் அத்தை படித்தாள். 1 ஆனது.

அந்த ஒருவர்... செத்துக் கிடக்கும் அப்பா!

கூடத்தில், பாக்கெட்டுக்குள் ஏதோ அதிர, சேஹுன் நெளிந்தான்.

"மேடம்... வயிறு சரியில்ல. பாத்ரூம்..."

"போய்ட்டு வா ராசா."

கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு பெண்களும் திரையையே வெறித்தார்கள்.

1...

1...

மறைந்தது!

"ஐயோ! அப்பா படிச்சிட்டாரு!" மிரான் வீறிட்டாள்.

குவாக் விட்ட உதையில் கதவு பிளந்தது. உள்ளே சேஹுன். கையில் பெரியப்பாவின் ஃபோன். அதன் திரை முழுக்க, மிரான் அனுப்பிய படம்... வெறும் கிம்ச்சி ஊறுகாய் ஜாடி!

"எ... எப்படி? லண்டன்ல நீலக்குறியை அணைச்சுட்டு நான் எவ்வளவோ படிச்சிருக்கேன்... இதுல குறியே வரலையே!"

"குறி கிடையாதுடா வெளக்கெண்ணெய். எண்தான். அதை அணைக்கவும் முடியாது!"

மிரான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சின்ன வயசுல உனக்கு ஊட்டிவிட்ட கைடா அப்பாவோட கை! கட்டடத்துக்காகவா கொன்னே? பழியை என் தலையில போட்டுட்டு நீ வித்துத் திங்கவா?"

அவளுக்காக எடுத்த விலங்கு அவன் கையில் விழுந்தது.

குவாக் புதுக் கணவாய்த் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"மெசேஜைப் படிச்சுட்டு கம்முனு இருக்கறவனை எங்க பட்டிக்காட்டுல மனுஷனாவே மதிக்க மாட்டோம் துரை. ஸ்டேஷனுக்கு வா... ஒவ்வொண்ணா பதில் போடு!"